ஓரணாவும் ஒரு மாநகரமும்

சென்னை மாநகராட்சி நம் நாட்டின் மிகப் பழைய நகராட்சி மன்றம். கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று அம்மன்றம் பொறுப்பேற்றது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மென்கள். அவர்களுள் ஆங்கிலேயர் இருந்தனர்; போர்த்துகீசியர் இருந்தனர்; யூத, அர்மீனிய வணிகர் இருந்தனர்; இந்துக்கள் மூவரும் இருந்தனர். மன்றத்தார் வரி விதித்து எழுப்பவேண்டிய கட்டடங்களையும் அந்தப் பட்டயம் குறித்திருந்தது. ஒரு நகர மண்டபம், ஒரு சிறைச்சாலை, இந்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசவும் எழுதவும் வணிகக் கணக்குப் பழகவும் ஒரு பள்ளிக்கூடம்.

பள்ளி நடத்துவது நகரத்தின் கடமை என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டார்கள் என்பது வியப்புக்குரியதே. ஆனால் எழுதியது நடந்தேறவில்லை. புதிய வரிக்கு மக்கள் இசையவில்லை. மன்றத்தின் பெரிய திட்டங்கள் நலிந்துபோயின. பட்டயமும் அதிகாரமும் கோட்டைக்குள் இருந்தன. பிள்ளைகள் கோட்டைக்கு வெளியே இருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் பாலம் அன்று இல்லை.

அந்தப் பாலத்தை இந்நகரம் எவ்வாறு கட்டியது? எவரெவர் கை கொடுத்தனர்? எங்கெங்கே கை நழுவியது? இவற்றை நாம் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது. ஊர்தோறும் பள்ளிகளை நடத்திவரும் ஒரு திருச்சபையின் மக்கள் நாம். ஒரு நகரத்தின் கல்வி எப்போது வளர்கிறது, எப்போது தேங்குகிறது என்னும் கேள்வி நம் வாசலில் நிற்கும் கேள்வியாகும்.

திண்ணையும் மடமும்

நகராட்சி மன்றம் பிறப்பதற்கு முன்பே இங்குப் பள்ளி இருந்தது. 1642-இல் சென்னைக்கு வந்த பிரெஞ்சு நாட்டுக் கபூசின் துறவி எப்ரேம் அடிகள் தம் இல்லத்திலேயே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். பர்மாவுக்குச் செல்லும் வழியில் வந்தவரை இங்குள்ளோர் வேண்டி நிறுத்திக்கொண்டனர். அவரது பள்ளியில் ஐரோப்பியர் பிள்ளைகளும் இந்நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பயின்றதாக வரலாறு கூறுகிறது. நம் மறைப்பணியாளர் இந்நகரில் கோவிலும் பள்ளியும் ஒருங்கே தொடங்கினர் என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

மறுபுறம் தமிழ் மக்களின் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் தொகுத்தளித்த குறிப்பின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். சென்னை நகரில் பள்ளியில் பயின்றோரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கினர் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் பயின்றனர் எனவும் கணக்குக் கிடைத்தது. ஆகவே, கல்வி வேட்கை இந்நகருக்கு அயலார் கொண்டுவந்து கொடுத்த பொருளன்று. வீட்டில் ஆசிரியர் வைக்க இயன்றவர் கற்றனர்; இயலாதவர் கல்லாதிருந்தனர். அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொண்ட காலம் அது. நகரத்தின் பிள்ளை என்று ஒரு பிள்ளை அன்று இல்லை.

எழுபதாயிரம் கையொப்பம்

அந்நிலை 1839-இல் அசைந்தது. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று நாளிட்ட ஒரு விண்ணப்பம் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். இம்மாநிலத்தில் உயர்கல்விக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள். தொலைபேசியும் இருப்புப்பாதையும் இல்லாத காலத்தில் எழுபதாயிரம் கையொப்பம் திரட்டுவதாயின் எத்தனை தெருக்களை மிதித்திருப்பார்கள், எத்தனை கடைத் திண்ணைகளில் அமர்ந்து பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தை முன்னின்று கொடுத்தவர் ஜார்ஜ் நார்ட்டன். அரசின் தலைமை வழக்கறிஞரான ஆங்கிலேயர் அவர். மக்கள் விரும்பியதை அரசுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைத்தது அவர் செய்த தொண்டு. 1840 ஜனவரியில் அவர் தலைமையில் பல்கலைக்கழகக் குழு அமைந்தது. 1841-இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று எழுந்தது; அதுவே வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆயிற்று. 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. விண்ணப்பத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் ஓடின. கையொப்பமிட்டவர்களில் பலர் அதைக் காண இருந்திருக்கமாட்டார்கள்.

இதே காலத்தில் இன்னொரு செயலும் நடந்தது. பச்சையப்ப முதலியார் என்னும் துபாஷி 1794-இல் நாற்பது வயதில் இறந்தார். தம் செல்வத்தைக் கோவில் பணிகளுக்கும் அறங்களுக்கும் அவர் உயில் எழுதி வைத்திருந்தார். அச்செல்வம் நீண்டகாலம் வழக்குகளில் சிக்குண்டு கிடந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் அதை மீட்டு, அறக்கட்டளையாக அமைத்து, வழிபாட்டுச் செலவுபோக எஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பியதில் நார்ட்டனுக்கும் நகரப் பெரியோர்க்கும் பங்குண்டு. 1842-இல் பச்சையப்பன் பள்ளி கதவு திறந்தது; 1889-இல் அது கல்லூரியாயிற்று. மறைந்த ஒரு வணிகரின் உயில், ஓர் ஆங்கிலேய வழக்கறிஞரின் முயற்சி, உள்ளூர் அறங்காவலரின் விழிப்பு ஆகிய மூன்றும் கூடியதால் வந்த பள்ளி அது. ஒன்று குறைந்திருப்பினும் பணம் வழக்குமன்றத்திலேயே கரைந்திருக்கும்.

அதே 1842 ஜனவரியில் அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் சபைக் கன்னியர் சிலர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். ஐரிஷ் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே அவர்கள் அழைக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் கட்டிய பள்ளிகள் அந்தப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. நகரத்தின் பெண் கல்விக்கு அவை ஊன்றுகோலாயின. இதனைப் பின்னர்க் காண்போம்.

கை நழுவிய இடம்

வரலாற்றை எழுதும்போது இனியவற்றை மட்டும் எழுதினால் அது புகழுரையாகிவிடும். 1846-இல் இந்நகரில் ஒரு பெரும் பிணக்கு எழுந்தது. அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கவேண்டும் என்று அன்றைய ஆளுநர் ட்வீடேல் பிரபு கருத்து வெளியிட்டார். நகர மக்கள் கொதித்தெழுந்தனர். வணிகரும் இதழாசிரியருமான கஜுலு லட்சுமிநரசு செட்டியார் போன்றோர் கண்டனக் கூட்டம் கூட்டினர். மக்களின் பக்கம் நின்றவர்களுள் நார்ட்டனும் ஒருவர். இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களும் ஆளுநரின் கருத்தை ஏற்கவில்லை.

கிறிஸ்தவர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் வேண்டும். விவிலியம் நமக்கு உயிரனையது. ஆனால் பிறர் பிள்ளைகளுக்கு அரசின் வலிமைகொண்டு அதைப் பாடமாக்க முனைந்தபோது என்ன நிகழ்ந்தது? ஏழாண்டுகளுக்கு முன்னர்ப் பள்ளி வேண்டும் என்று ஒருங்கே கையொப்பமிட்ட நகரம், பள்ளியைக் கண்டு ஐயுறத் தொடங்கிற்று. பள்ளி பிள்ளையைக் காப்பதற்கா, பிள்ளையைக் கவர்வதற்கா என்ற ஐயம் பெற்றோர் உள்ளத்தில் புகுந்துவிட்டால், எத்துணை நல்ல பள்ளியாயினும் அது நகரத்தின் பள்ளியாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் பிற பள்ளிகளோடு ஒத்துழைக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. சென்னை நகரம் அந்தப் பாடத்தின் தேவையை அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்தியிருந்தது.

மறுதரப்பிலும் குறை இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் இந்துக்கள் அல்லாதாருக்கு 1947 வரை இடமில்லை. அவரவர் சமூகத்துக்கு அவரவர் வேலி கட்டிக்கொண்ட காலமாகவே அது நீடித்தது.

விடுபட்டவர்கள்

வேலிகளுக்குள் இருந்தவர்க்குக் கல்வி கிடைத்தது. எந்த வேலிக்குள்ளும் சேர்க்கப்படாதவர் என்ன ஆனார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கேள்வி நகரின் முன் நின்றது.

பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது ஐந்து பள்ளிகளாகப் பெருகிற்று. அம்மக்களிடையே தோன்றிய அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் போன்றோர் தம் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று ஓயாது உரைத்துவந்தனர். அவர்களின் குரல் எழும்பியிராவிடில், வெளியாரின் ஈகை எவ்வளவு இருந்தும் அதற்கு வேர் இருந்திராது.

பெண்களின் நிலையோ வேறொரு துயரம். 1886-இல் பிறந்த சுப்புலட்சுமி, இளஞ்சிறுமியாக இருந்தபோதே மணமாகிக் கைம்பெண் ஆனார். அக்கால வழக்கப்படி அவர் வாழ்வு அடுக்களையின் இருளில் முடிந்திருக்கவேண்டும். தந்தையார் துணிந்து அவரைப் படிக்கவைத்தார். அவர் பயின்ற இடங்களில் ஒன்று பிரசென்டேஷன் கன்னியரின் பள்ளி. 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. தாம் பெற்ற ஒளியைத் தம்போல் வாடிய சிறுமியரோடு பகிர்ந்துகொள்ள 1912-இல் சாரதா சங்கத்தைத் தொடங்கி, இளங் கைம்பெண்களுக்கு ஓர் இல்லமும் நடத்தினார். கல்வித்துறையில் பெண்பள்ளி ஆய்வாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் அரசின் உதவியைப் பெற்றுத் தந்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவ்விளம் பெண்களுக்கு இல்லமாயிற்று. கன்னியர்பால் கொண்ட மதிப்பினாலும் அவர் மேற்கொண்ட துறவு போன்ற வாழ்வினாலும் மக்கள் அவரை 'சிஸ்டர்' என்றே அழைத்தனர். சிஸ்டர் சுப்புலட்சுமி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். கன்னியரும் கன்னியராகவே இருந்தனர். எவரும் எவரையும் மாற்ற முனையாமலேயே ஒரு தலைமுறைப் பெண்களின் தலையெழுத்து மாறிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஊற்றுகள் பெருகின. 1914-இல் இராணி மேரி கல்லூரி, 1925-இல் அருள்தந்தை பெர்ட்ராம் அடிகளின் முயற்சியால் இலயோலா கல்லூரி, 1947-இல் ஸ்டெல்லா மேரிஸ், 1948-இல் வழக்கறிஞர் எத்திராஜ் நிறுவிய மகளிர் கல்லூரி, 1955-இல் நீதியரசர் பஷீர் அகமது சயீத் முயற்சியில் எழுந்த மகளிர் கல்லூரி என அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு சமூகமும் தன் பங்கைக் கொண்டுவந்து நகரத்தின் நடுவீட்டில் வைத்தது.

ஆயிரம் விளக்கில் ஓரணா

ஆயினும் கல்லூரிகள் எழுந்தால் போதுமா? தொடக்கப் பள்ளியின் வாசலுக்கே வராத பிள்ளை கல்லூரியை எங்ஙனம் காணும்? இந்த இடத்தில்தான் மாநகராட்சி மன்றம் மீண்டும் நம் கதைக்குள் வருகிறது.

1920-இல் அம்மன்றத்தின் தலைவராயிருந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். 1852-இல் நெசவுத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மாநகராட்சியில் உறுப்பினராயிருந்து தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீரும் பேசிப் பழகியவர். அதே 1920-இல் தேர்தலில் வென்ற கட்சி முதலமைச்சர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்தவர். இன்றைய தியாகராய நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1920 செப்டம்பர் 16 அன்று மன்றத்தின் முன் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கலாம். செலவு நாளொன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது. தலைவர் கூறிய காரணம் எளியது. அப்பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள் ஏழைகள். வறுமையால் பள்ளியின் எண்ணிக்கை குன்றுகிறது. மன்றம் இசைந்தது.

இதனை நாம் சற்று நின்று நோக்குவோம். ஆயிரம் விளக்கு என்பது முகரம் நாட்களில் ஆயிரம் விளக்கேற்றும் வழக்கத்தால் அங்குள்ள பள்ளிவாசலுக்கு வாய்த்த பெயர். பள்ளிவாசலின் பெயரே ஊரின் பெயராயிற்று. அங்குள்ள நகரப் பள்ளி ஒன்றில், நெசவாளர் குலத்தில் பிறந்த ஒருவர் தலைமையில், பல சமயத்தார் அமர்ந்த மன்றம் ஓரணாவுக்குக் கணக்கு எழுதியது. உண்ணும் பிள்ளை எந்தச் சாதி, எந்தச் சமயம் என்னும் வினா அங்கே எழவில்லை. பசிக்கு அந்த வேறுபாடு தெரியாது. 1846-இல் பாடநூலை முன்னிட்டுப் பிரிந்த நகரம், 1920-இல் பிள்ளையின் வயிற்றை முன்னிட்டு ஒன்றாயிற்று.

அதுவரை கல்வி பற்றிப் பேசியவர்கள் கட்டடம் பற்றியும் பாடம் பற்றியும் ஆசிரியர் பற்றியும் பேசினர். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஏழைத் தாய்க்குப் பிள்ளை பள்ளிக்குச் செல்வது செலவில்லாக் காரியமன்று. அவன் கூலிக்குச் சென்றால் வரும் காசு போய்விடுகிறது. நண்பகலில் வயிறும் வெறுமையாகிறது. பள்ளியில் ஒரு கை உணவு கிடைக்கும் என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நகரத் தந்தையர் கண்டறிந்த நுட்பம் இதுவே. சாக்கடையும் குடிநீரும் கண்ட கண்களே இதையும் கண்டன. வீட்டின் உண்மை அறிந்தவர் ஆட்சி மன்றத்தில் அமர்ந்தால் விளையும் பயன் இது.

திட்டம் வேறு நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. பயனும் கண்கூடாயிற்று. 1922-23-இல் இப்பள்ளிகளில் 811 மாணவர் பயின்றனர். 1924-25-இல் அத்தொகை 1,671 ஆயிற்று. ஈராண்டில் இரு மடங்கு. புதிய பாடநூல் இல்லை. புதிய கட்டடம் இல்லை. ஓரணாவே இதனைச் செய்தது.

கணக்கேடு தடுத்ததும் ஊர் தொடர்ந்ததும்

ஆனால் 1925 ஏப்ரல் முதல் நாள் அந்த அடுப்பு அணைந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தொடக்கக் கல்விக்கெனத் தனி நிதி உண்டு. உணவுச் செலவை அந்நிதியில் எழுத ஆங்கில அரசு இசையவில்லை. ஆசிரியர் ஊதியம் கல்விச் செலவு. கரும்பலகை கல்விச் செலவு. சோறு கல்விச் செலவாகாது. இதுவே அந்த மறுப்பின் பொருள். தியாகராயர் அதே மாதம் 28-ஆம் நாள் காலமானார். தாம் தொடங்கிய அறம் நின்றுபோன இருபத்தெட்டாம் நாள் அவரும் விடைபெற்றார்.

எவரும் பிள்ளைகளைப் பட்டினியிட வேண்டும் என்று கருதி அம்மறுப்பை எழுதியிருக்கமாட்டார்கள். விதிநூலைப் புரட்டிப் பார்த்தார்கள், அதில் சோறு என்ற சொல் இல்லை, அவ்வளவே. தீய எண்ணம் இல்லாமலேயே ஒரு நன்மை அழியக்கூடும் என்பதற்கு இஃதொரு சான்று. மன்றத்தார் அடங்கிவிடவில்லை. பின்னர் ஏழை மாணவர்க்கு மட்டும் என்ற வரம்போடு உணவு மீண்டும் வந்தது. குறுகிய வடிவிலேனும் அந்த எண்ணம் உயிர் தப்பிற்று.

உயிர் தப்பிய எண்ணத்தை ஊரெங்கும் நட்டவர் ஒருவர் அதே மாநகராட்சியிலிருந்து வந்தார். நெ. து. சுந்தரவடிவேலு சென்னை மாநகராட்சியின் கல்வி அதிகாரியாகப் பணியாற்றியவர். பின்னாளில் மாநிலப் பொதுக்கல்வி இயக்குநராகி, முதலமைச்சர் காமராசருக்குத் தோள் கொடுத்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டம் மக்கள் இயக்கமாகத் தொடங்கப்பெற்றது. முதலில் அரசுப் பணத்தைக் காத்திராமல் ஊர்மக்களே அரிசியும் பருப்பும் காய்கறியும் கொண்டுவந்து சேர்த்தனர். பின்னர் அரசு பங்கேற்றபோது, உணவு ஒன்றுக்கு அரசு ஆறு பைசா, ஊர் நான்கு பைசா எனப் பகிர்வு அமைந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டப்பட்டன. ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைத் தாமே பட்டியலிட்டு, நாற்காலி, மணி, கூரை, நிலம் என இயன்றதை அளித்தனர்.

அந்த நான்கு பைசாவின் பொருளை நாம் மறந்துவிடலாகாது. அரசு முழுவதும் கொடுத்திருக்க இயலாதா எனக் கேட்கலாம். பின்னர் 1982-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அரசே பொறுப்பேற்றது. அது பெரிதும் வேண்டத்தக்க வளர்ச்சியே. 1995-இல் நடுவண் அரசும் நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2001-இல் சமைத்த உணவே வழங்கப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் ஊரார் நான்கு பைசா கொடுத்தபோது பள்ளியின்மேல் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆசிரியர் வந்தாரா, பிள்ளை உண்டானா என்று கேட்கும் வாய் அவர்களுக்கு இருந்தது. பணத்தோடு அக்கறையும் வந்தது.

மயிலாப்பூரின் பந்தி

நூறாண்டுகள் கழித்து அந்த ஆயிரம் விளக்குத் தீர்மானம் மீண்டும் நினைக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் அதில் சேர்ந்தன. 2023-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகள் வெளியே நின்றனர். அவர்களும் அதே தெருவின் பிள்ளைகள், அதே பசி.

2024 ஜூலை 15 அன்று ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அந்த உணவு வந்தது. விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகள் 2,429-க்கும் திட்டம் விரிந்தது. அதன் தொடக்கவிழா சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடந்தது. நகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவு, நூற்றைந்து ஆண்டுகள் நடந்து, தச்சர் சூசையின் பெயர் தாங்கிய நம் பள்ளியின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இதனை வெறும் அரசுச் சலுகை என்று கருதி நாம் நகர்ந்துவிடலாகாது. இங்கே ஓர் ஏற்பு நிகழ்ந்துள்ளது. உங்கள் பள்ளியில் பயிலும் பிள்ளையும் நகரத்தின் பிள்ளையே என்று பொதுமன்றம் கூறியிருக்கிறது. அதற்கு மறுமொழியாக நாம் கூறவேண்டியது என்ன?

நம் பங்குத்தளங்களில் உள்ள பழைய தொடக்கப் பள்ளிகளை எண்ணிப் பார்ப்போம். கோவிலின் நிழலில், ஓட்டுக் கூரையின் கீழ், தமிழ் வழியில் நடக்கும் அப்பள்ளிகளில் இன்று பயில்வோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர், மீனவர், வீட்டுவேலை செய்வோர் பிள்ளைகள். அவர்களில் பலர் பிற சமயத்தார். வசதி பெற்ற நம் குடும்பங்கள் பல, ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடிச் சென்றுவிட்டன. அது பெற்றோரின் உரிமை. குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆனால் நம் பிள்ளைகள் அங்கே பயிலவில்லை என்பதனால் அப்பள்ளி நம் கவலையிலிருந்தும் நீங்கிவிட்டதா? ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் வழியில் அதன் கதவைக் கடந்து செல்கிறோம். உள்ளே எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், கழிப்பறைக்கு நீர் வருகிறதா, ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் ஆறாம் வகுப்புக்கு எங்கே போகிறாள் என்னும் வினாக்களுக்கு நம்மில் எத்தனை பேர் விடை அறிவோம்?

அக்கறை அருள்தந்தையருக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியதன்று. பொதுநிலையினராகிய நம்மிடையே வழக்கறிஞர் உண்டு. வங்கி அலுவலர் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு. மாமன்ற உறுப்பினரை அறிந்தவர் உண்டு. நார்ட்டன் தம் சட்டப் புலமையைத் தந்தார். லிஞ்ச் அம்மையார் தம் பதவியின் செல்வாக்கைத் தந்தார். தியாகராயர் தம் நாற்பதாண்டு அனுபவத்தைத் தந்தார். எழுபதாயிரவர் ஒரு கையொப்பம் தந்தனர். அவரவர் கையில் இருந்ததையே அவரவர் தந்தனர். யோவான் நற்செய்தியில் ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரு மீன்களையும் வைத்திருந்த சிறுவனை நாம் அறிவோம். அவனிடம் இருந்ததும் அவ்வளவே.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓரிடம், வட்ட மாமன்ற உறுப்பினரோடு ஓர் உரையாடல், அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரை நம் பங்கு விழாவுக்கு அழைத்தல், மாலைநேர வகுப்புக்கு மண்டபத்தைத் திறந்துவிடல் ஆகிய யாவும் சிறு செயல்களே. ஆனால் நம் பள்ளி, அவர்கள் பள்ளி என்னும் வேலி அவற்றால் தாழ்கிறது. கோவில், பள்ளிவாசல், மாதாகோவில் ஆகிய மூன்றின் பெரியோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தம் தெருவின் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினால், அந்தப் பட்டியல் எந்த அரசு அறிக்கையைவிடவும் உண்மையாயிருக்கும்.

1687-இன் பட்டயம் ஒரு பள்ளிக்கூடத்தை எழுதிவைத்தது, அது வரவில்லை. 1920-இன் தீர்மானம் ஓரணாவை எழுதிவைத்தது, பிள்ளைகள் வந்தனர். முன்னது மேலிருந்து வந்த ஆணை. பின்னது பிள்ளையின் பசியை அறிந்தவர்கள் கூடி எடுத்த முடிவு. அந்த ஓரணாவின் இன்றைய மதிப்பு என்ன என்பதை ஒவ்வொரு பங்கும் தன் தெருவில் நின்று கணக்கிடட்டும். நம் பள்ளி வாசலில் காலை உணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளையின் பெயரைக் கேட்டறிவதிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.